தொப்பியைக் கழற்ற நினைத்த என் அண்ணன்

அண்ணனின் தொப்பியைக் கத்தரித்தபோது ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். அண்ணி, அண்ணன் மகள் செல்வி, செல்வியின் கணவரான எங்கள் மாப்பிள்ளை, அண்ணனோடு வேலை பார்த்த அந்தோணி சார், நான். ஃப்ரீசர் பாக்ஸில் படுத்திருந்த அண்ணனையும் சேர்த்தால் ஆறு. வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தி வைத்திருந்தோம். இதை முதலிலேயே எழுதக் காரணம் உண்டு. இந்த ஒரு வருடத்தில் பல பேர் "நானும் அப்போ அங்கதான் இருந்தேன்" என்று சொல்லக் கேட்டுவிட்டேன். தொப்பியை வெட்டியது யார் என்று உறவுக்குள் இரண்டு மூன்று விதமான பேச்சும் நடக்கிறது. கத்தரிக்கோல் பிடித்தது செல்வி. எடுத்துக் கொடுத்தது நான்.

படுத்த தலைக்கு, சுற்றிலும் விளிம்பு வைத்த அந்த மாதிரித் தொப்பி நிற்காது. பின்பக்கத்து விளிம்பு தலையணையில் இடித்து, தொப்பி முன்னால் நழுவி, கண்ணையும் மூக்கையும் மூடிவிடும். மூன்று தடவை வைத்துப் பார்த்தோம். மூன்று தடவையும் அண்ணன் முகம் மறைந்துபோனது. மாப்பிள்ளை, "நெஞ்சு மேல வெச்சிடலாமே மாமா" என்று என்னிடம் கேட்டார். அந்தோணி சார் ஒத்துக்கொள்ளவில்லை. "சாயங்காலம் அண்ணனோட ட்ரெயின்ல வர்ற ஆளுங்க மொத்தமா வருவாங்க. தொப்பி இல்லாம அவங்களுக்கு அண்ணனை அடையாளமே தெரியாதுங்க" என்று அழுதார். அப்போதுதான் செல்வி, பின்பக்கத்து விளிம்பை மட்டும் வெட்டிவிட்டால் தொப்பி தலையணையோடு பதிந்து உட்காரும் என்று சொல்லி, "சித்தப்பா, கத்தரிக்கோல் எங்க?" என்று கேட்டாள்.

அண்ணன் அந்தத் தொப்பியை எவ்வளவு வெறுத்தார் என்பது அங்கே இருந்த ஐந்து பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்திருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் தையல் மெஷின் டிராயரைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தேன்.

முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு அப்பாவின் தொப்பியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று செல்வி கேட்டிருந்தாள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். கடிதம் எழுதினால்கூட மூன்று தடவை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவேன். இதில் தவறு இருந்தால் உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது முத்தாபுதுப்பேட்டையில். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நிலமெல்லாம் பிளாட்டாகப் போன பிறகு அப்பா பட்டாபிராமில் மூட்டை தூக்கப் போனார். ஒரு நாள் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனது. வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலைமை வந்தபோது, அண்ணன் ஐ.டி.ஐ. முடிக்க ஒரு வருடம் பாக்கி இருந்தது. நான் நின்றுகொண்டேன். அதற்காக அண்ணன் கடைசிவரை என்னிடம் கூச்சப்பட்டார். வேலை கிடைக்க ஐந்து வருடம் ஆனது. முதல் சம்பளத்தில் எனக்குத்தான் சட்டை எடுத்தார். இரண்டு சைஸ் பெரியது. கடைக்காரர் "வளர்ற பையன் சார், இதை எடுங்க" என்றாராம். எனக்கு அப்போது வயது இருபது. அண்ணனால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

அதுதான் அண்ணனின் குணம். யாராவது நீட்டினால் வாங்கிக்கொள்வார். சர்க்கரை போடாத காபி கேட்டு, சர்க்கரை போட்டு வந்தால் அதையே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவியும் வைப்பார். பெண் பார்க்கப் போன அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டார். "பஜ்ஜி நெறைய சுட்டுட்டாங்க, இல்லன்னு சொன்னா வீணாயிடுமேன்னு என்னைக் கட்டிக்கினாரு" என்று அண்ணி சொல்லாத கல்யாண வீடு கிடையாது. அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் ஸ்டோர்ஸில் இருந்தார். சீட்டு இல்லாமல் வந்து கெஞ்சியவர்களுக்கும் சாமான் எடுத்துக் கொடுத்து இரண்டு தடவை மெமோ வாங்கியிருக்கிறார். சாமான் வாங்கிப்போன ஆளின் பெயரை இரண்டு தடவையும் சொல்லவில்லை.

எஸ்டேட்டில் ரிட்டயர் ஆகிறவர்களை வெறுமனே அனுப்பமாட்டார்கள். மாலை, சால்வை போட்டு, தலைப்பாகை கட்டி, திறந்த ஜீப்பில் நிற்க வைத்து, மேளத்தோடு வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். அண்ணனுக்கு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவர் அந்தோணி சார். ஸ்டோர்ஸில் அண்ணனுக்கு அடுத்தபடியில் இருந்தவர், அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தவர். "எல்லாருக்கும் கட்டற தலைப்பாகை எங்க அண்ணனுக்கு வேணாம்" என்று சொல்லி, பாரிமுனைக்குப் போய்த் தேடி, ஒரு ஃபெல்ட் தொப்பி வாங்கி வந்தார். ப்ரௌன் கலர். சுற்றிலும் கறுப்பு ரிப்பன். உச்சியில் பள்ளம் விழுந்து, முன்னால் இரண்டு பக்கமும் விரலால் கிள்ளிவிட்ட மாதிரி இருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிநாட்டுக்காரர்கள் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. அந்தோணி சார் கையால் தலையில் வைத்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் ஜீப்பில் அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம்வரை நின்றுகொண்டே வந்தார். நான் பின்னால் பைக்கில் வந்தேன், காற்றில் தொப்பி பறந்தால் அண்ணன் அதைப் பிடிக்கக் குனிவார், குனிந்தால் விழுவார் என்று பயந்துகொண்டே.

அன்றோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அடுத்த வாரமே எஸ்டேட்டில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் அண்ணனை ஸ்டோர்ஸ் பார்க்கக் கூப்பிட்டார்கள். அதே காலை எட்டு ஐந்து மின்சார ரயில் வண்டி, அதே பெட்டி, அதே அந்தோணி சார். நானும் எஸ்டேட்டில்தான் பேக்கிங் வேலையில் இருந்தேன், அதே வண்டியில்தான் போவேன். முதல் நாள் கிளம்பும்போது அண்ணன் ஆணியில் தொங்கிய தொப்பியைப் பார்த்தார். "அந்தோணி கேப்பான்டா. ஆசையா வாங்கினான். இன்னிக்கு ஒரு நாள் போட்டுக்கினு போயிடறேன்" என்றார்.

ஒரு நாள் என்றுதான் சொன்னார்.

ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் அம்மா முதலில் பார்த்தது. "யம்மாடி, தொரை வந்துட்டாரு. இன்னா தொரை, ஒரு மொழம் வாங்கி போணி பண்ணிட்டுப் போ." அண்ணன் வாங்கினார். பெட்டியில் ஏறியதும் ஒரு சின்னப் பிள்ளை, "அங்கிள், புறா எடுங்க" என்றது. மேஜிக் செய்கிறவர் என்று நினைத்துவிட்டது. ஜன்னலோரம் இருந்தவர் "எந்த ஷூட்டிங் சார்?" என்று கேட்டார். அந்தோணி சார் பெருமையாக எல்லோருக்கும் கதை சொன்னார். அண்ணன் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். காதோரம் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் பூக்கார அம்மா வழி மறித்தது. "சார், நேத்து உன் போணியில ஒம்போது மணிக்கெல்லாம் கூடை காலி. நெதம் நீதான் போணி பண்ணணும், தொப்பியோட." இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் டீக்கடை, பேப்பர் கடை, கொய்யாப்பழ வண்டி எல்லாம் சேர்ந்துகொண்டன. ஒவ்வொருவரும் முதல் காசு தொப்பி சார் கையால் வர வேண்டும் என்றார்கள். அண்ணன் காலையில் வீட்டில் டீ குடித்துவிட்டு, கடையிலும் குடித்துவிட்டு, கையில் மூன்று முழம் பூவும் கொய்யாப்பழமுமாக வண்டி ஏறுவார். பூவைப் பெட்டியில் இருக்கும் பெண்களுக்குக் கொடுத்துவிடுவார். அப்படித்தான் "தொப்பி சார் பூ" என்று பெயர் வந்தது. பரீட்சைக்குப் போகிறவர்களும் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களும் அந்தப் பெட்டியைத் தேடி ஏற ஆரம்பித்தார்கள். தொப்பியின் விளிம்பைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்கிறவர்களும் இருந்தார்கள்.

எல்லா இடத்திலும் இந்த மரியாதை இருந்ததில்லை. ஆவடி பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பஸ் ஜன்னலிலிருந்து "டோய் தொப்பி" என்று கத்துவார்கள். ஒரு டிக்கெட் பரிசோதகர் அண்ணனிடம் இங்கிலீஷிலேயே பேசினார். அண்ணன் தமிழில் பதில் சொல்லச் சொல்ல, "உங்க தமிழ் ரொம்ப நல்லா இருக்கு சார்" என்று பாராட்டிவிட்டுப் போனார். பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். சாப்பாட்டு ஹாலில் ஒருவர் அண்ணனைக் கையைப் பிடித்து நிறுத்தி, "மியூசிக் பார்ட்டி எல்லாம் கடைசி பந்திப்பா" என்று வெளியே அனுப்பிவிட்டார். நாங்கள் கல்யாண மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா வீடு. அண்ணன் ஆர்மோனியக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் விளக்கிச் சொல்லப் போனபோது, "விடுடா, அந்த ஆளுக்கு சங்கடமா பூடும்" என்றார்.

நான் எப்போதும் அண்ணனுக்கு மூன்றடி பின்னால் நடப்பேன். எதிரே வருகிறவர்களின் கண்ணைப் பார்ப்பேன். யார் சிரிக்கிறார்கள், யார் முறைக்கிறார்கள், யார் கல் எடுக்கிறார்கள். ஒருவரும் கல் எடுத்ததில்லை. ஆனால் ஆறு வருடமும் அதைத்தான் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அண்ணன் தொப்பியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். தலையில் வியர்க்குரு வெடித்துப் புண்ணாகியிருந்தது. பூக்கார அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா சார், தல மொட்டையா கீது? ஊட்ல எதுனா துக்கமா?" என்று கேட்டது. ஹிந்து காலேஜ் ஸ்டேஷனில் ஒரு பெண் ஏறியது. அன்றைக்கு அதற்கு இன்டர்வியூ. போன வாரமே அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தது. பெட்டி முழுக்கத் தேடி, அண்ணனைத் தாண்டியே இரண்டு தடவை போய், கடைசியில் அந்தோணி சார் காட்டிய பிறகுதான் கண்டுபிடித்தது. "ஐயோ, இன்னிக்குப் போய் போடலையா அங்கிள்" என்றது. முகம் வாடிவிட்டது. வேலை கிடைக்கவில்லை. அடுத்த வாரம் வந்து கோபமில்லாமல்தான் சொன்னது, "பரவால்ல அங்கிள், அடுத்த தடவை போட்டுக்கினு வாங்க." அண்ணன் அன்று மதியச் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். "அந்தப் பொண்ணு நல்லா படிச்ச பொண்ணுடா. என்னால போச்சோ?" என்று ஒரு வாரம் கேட்டார். தொப்பிக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அண்ணன் தொப்பியில்லாமல் அந்த வண்டியில் ஏறியதில்லை.

தொலைத்துவிடவும் பார்த்தார். ஒரு நாள் வேண்டுமென்றே சாமான் வைக்கும் தட்டில் வைத்துவிட்டு, எஸ்டேட்டுக்கு இறங்கும் பட்டரவாக்கத்தில் இறங்கிவிட்டார். வண்டி நகரும்போது யாரோ "தொப்பி சார், தொப்பி" என்று கத்தி ஜன்னல் வழியாக வீசினார்கள். அது உருண்டு வந்து அண்ணன் காலடியில் நின்றது. அன்று சாயங்காலம் திரும்பும்போது மறுபடியும் வைத்துவிட்டு இறங்கினார். வண்டி திருநின்றவூர் போய்ச் சேர்வதற்குள் எட்டு ஐந்து வண்டி வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி ஓடிவிட்டது. அண்ணன் கால் கழுவிவிட்டு வந்து உட்கார்வதற்குள் ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்து கொடுத்துவிட்டான். பிளாஸ்டிக் கவரில் போட்டு, கசங்காமல். அண்ணி அவனுக்குக் காபி கொடுத்தார். அண்ணன் அவனுக்கு நன்றி சொன்னார்.

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அண்ணிக்கு அந்தத் தொப்பியால் ஒரு மதிப்பு வந்திருந்தது. ரேஷன் கடையில் "தொப்பி சார் ஊட்டம்மா" என்று வழி விடுவார்கள். செல்விக்கு அவள் மாமியார் வீட்டில் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அது இருந்தது. அந்தோணி சார் வருடத்துக்கு ஒரு தடவை ரிப்பன் மாற்றித் தருவார். "எல்லாரும் சந்தோஷமா கீறாங்கடா. நான் ஒருத்தன் அரிச்சிக்கினு இருந்தா இன்னா" என்பார் அண்ணன். என்னிடம் மட்டும்தான் சொன்னார். அதுவும் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடக்கும் அந்தப் பத்து நிமிஷத்தில், முன்னால் பார்த்தபடியே சொல்வார். எதிரே ஆள் வந்தால் நிறுத்திவிட்டு, தொப்பி விளிம்பில் கை வைத்து வணக்கம் சொல்வார்.

போன வருடம் அந்தோணி சார் ரிட்டயர் ஆனார். அண்ணனையும் என்னையும் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது இருக்கும் பையன்கள் அதே மாதிரி ஒரு தொப்பி வாங்கி வைத்திருந்தார்கள். தொப்பி சார் கையாலேயே வைக்கட்டும் என்று அண்ணனை மேடைக்கு ஏற்றினார்கள். அண்ணன் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்து அந்தோணி சார் தலைக்குக் கொண்டுபோனார். அந்தோணி சார் தலையை நகர்த்திக்கொண்டு சிரித்தார். "ஐயய்யோ, எனக்கு வேணாம்ணே. இந்த வெயில்ல யாருண்ணே இதைப் போடுவாங்க, தலை அரிக்கும். உங்களுக்குப் பழகிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். தலைப்பாகை கட்டினார்கள். மேளம் தொடங்கிவிட்டது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, யாருக்கும் மனசு புண்படவில்லை. அந்தப் புதுத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் பழைய தொப்பியோடு, அண்ணன் கொஞ்ச நேரம் மேடையிலேயே நின்றிருந்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் கூட்டமில்லை. ஆவடி தாண்டிய பிறகு அண்ணன் என்னிடம் கேட்டார்.

"வேணாம்னு சொல்லலாமாடா?"

எனக்கும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் லுங்கியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தலையில் தொப்பி இல்லை. "வா, மூர்த்தி கடைக்குப் போலாம். டை அடிக்கணும்." தொப்பிக்குள் இருக்கும் தலைக்கு டை எதற்கு என்று ஆறு வருடமாக விட்டு வைத்திருந்தார். சலூன்கார மூர்த்தி முதலில் வேறு யாரோ என்று நினைத்து "உக்காருங்க, ரெண்டு பேரு முன்னாடி கீறாங்க" என்றார். கண்ணாடியில் பார்த்த பிறகுதான் "அட, சார்" என்று எழுந்தார். முடியை வெட்டி, டை அடித்து, ஊற வைத்து, கழுவி, காதோரம் ஒதுக்கிவிட்டார். அண்ணன் முகம் பத்து வயது குறைந்து போயிருந்தது. கழுத்துவரை கறுத்து, நெற்றி மட்டும் வெளுப்பாக, ஒரு கோடு போட்ட மாதிரி இருந்தது.

காசு எடுக்கச் சட்டைப் பையைத் தொட்டபோது மூர்த்தி கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வேணாம் சார். காலைல கடை தொறந்தவுடனே வாங்க, தொப்பியோட. உங்க கையால குடுங்க, முத போணி ஆவட்டும். வியாபாரம் டல்லா கீது."

அண்ணன் "சரிப்பா" என்று சொல்லிவிட்டார்.

தெருவில் இறங்கி நடந்தோம். நான் பழக்கத்தில் மூன்றடி பின்னால் நடந்தேன். அண்ணன் நின்று என்னைத் தன் பக்கத்தில் வரச் சொன்னார். காற்று முடியைக் கலைத்தது. அவர் சரி செய்துகொள்ளவில்லை. "பாத்தியா, நாலு பேரு தாண்டிப் போனாங்க. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது. வீடு வரும்போது, "நாளைக்குப் போடப் போறதில்லடா. பூக்காரம்மாகிட்ட சொல்லிட்றேன். அந்தோணிதான் வண்டியில இல்லயே" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூர்த்திக்கு வாக்கு குடுத்துட்டனே. அதுக்காவது போட்டாகணும் போலகீதே" என்று சிரித்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "இல்ல, வெறுந்தலையோடவே போயி நீட்டறேன். வாங்கினா வாங்கட்டும்."

விடியற்காலையில் அண்ணனுக்கு மார் வலித்தது. பக்கத்து வீட்டுத் தம்பி ஆட்டோ எடுத்தார். கைத்தாங்கலாக அண்ணனை ஏற்றியபோது அண்ணி ஓடி வந்து ஆணியிலிருந்த தொப்பியை எடுத்து என் கையில் கொடுத்தார். வெளியே கிளம்பும்போது எடுத்துக் கொடுத்தே பழகிய கை. ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மடியில் அண்ணன் தலையும் அதன் பக்கத்தில் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தேன். அந்தத் தலையில் டை வாசனை போகவில்லை.

மறுநாள்தான் செல்வி ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தாள், கத்தரிக்கோலும் வந்தது. விளிம்பை வெட்டிய பிறகு தொப்பி நன்றாகப் பதிந்து உட்கார்ந்தது. சாயங்காலம் எட்டு ஐந்து வண்டி ஆட்கள் எண்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். வேலை கிடைக்காத அந்தப் பெண்ணும் வந்திருந்தது. வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாம். பூக்கார அம்மா ஒரு கூடைப் பூவையும் கொண்டுவந்து கொட்டி, "போணி இல்லாம வுட்டுட்டுப் போறியே தொரை" என்று அழுதது. எல்லோரும் தொப்பியைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

சுடுகாட்டில் வாய்க்கரிசி போடுவதற்கு முன்பு, அங்கே பொறுப்பில் இருந்த பெரியவர் நிறுத்தினார். "தலையில இன்னா இது? எடுத்துடு நைனா. அரிசி போடறப்ப முகம் தெறந்து இருக்கணும்." ஒருவரும் அசையவில்லை. அந்தோணி சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் எடுத்தேன். எடுத்ததும் ஒரு சலசலப்பு வந்தது. கறுகறுவென்று வாரிவிட்ட முடியும், வெள்ளை நெற்றியுமாக அண்ணன் படுத்திருந்தார். "சாரா இது?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். வரிசையில் வந்த ஒருவர் அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோமா என்று சுற்றிப் பார்த்தார். உறவுகள் அரிசி போட்டு முடிக்கும்வரை, ஒரு பத்து நிமிஷம் இருக்கும், அண்ணன் தலையில் வெயில் பட்டது.

வரிசை முடிந்தது. செல்வி தேம்பிக்கொண்டே, "சித்தப்பா, போட்டுடுங்க. அப்பா மாதிரியே இல்ல" என்றாள். எண்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அண்ணனுக்கு வராதது போலவே எனக்கும் வரவில்லை.

என் கையாலேயே போட்டேன். தொப்பியோடுதான் அண்ணன் போனார்.

இதையெல்லாம் அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். திட்டுவார் என்று பயந்தேன். அண்ணி சுவரில் இருந்த காலி ஆணியைப் பார்த்துவிட்டு, "ஆறு வருஷமா அந்தப் புண்ணுக்கு எண்ணெய் வெச்சது நான்தானே தம்பி. எனக்குத் தெரியாதா? அவரா வாயத் தெறந்து சொல்லட்டும்னு காத்துக்கினு இருந்தேன்" என்றார். "அப்படியே போடுங்க. ஒரு வரிகூட எடுக்காதீங்க." செல்வியும் படித்தாள். மலரின் அட்டையில் தொப்பி வைத்த படத்தை எடுத்துவிட்டு, கம்பெனி அடையாள அட்டையில் இருந்த பழைய படத்தைப் போடச் சொல்லி அச்சகத்துக்கு அவளே போன் செய்தாள். கடைசி ஆறு வருடத்தில் தொப்பி இல்லாமல் எடுத்த படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. இந்த மலரைக் கையில் வாங்கியதும் "யார் இவர்?" என்று நீங்கள் ஒரு நிமிஷம் தயங்கியிருந்தால் அதற்கு இதுதான் காரணம்.

அந்தோணி சார் மனம் வருந்தக் கூடாது. அவர் வாங்கித் தந்தது அன்பினால். கேட்டிருந்தால் அவரே சிரித்துக்கொண்டு கழற்றி வைத்திருப்பார். கேட்காதது எங்கள் குடும்பத்துக் குறை.

ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு போட்ட தெருக்காரர்களுக்கும், வேலைக்கு லீவு போட்டு வந்த எட்டு ஐந்து வண்டி நண்பர்களுக்கும், சுடுகாட்டில் தொப்பியை எடுக்கச் சொன்ன பெரியவருக்கும், என் எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்த அச்சகத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பூக்கார அம்மாவுக்கும் நன்றி. அது இப்போதும் தினமும் ஒரு முழம் என் கையில் கொடுத்தனுப்புகிறது, அண்ணன் படத்துக்கு.

மூர்த்திக்கும் நன்றி சொல்ல வேண்டும், கூடவே ஒரு செய்தியும் சொல்ல வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் அவர் கடைக்குக் காசோடு போனேன். "சார் கையால வாங்க வேண்டியது, உங்ககிட்ட எப்படி வாங்கறது? காசு வேணாம். தொப்பி துண்டு எதுனா இருந்தா குடுங்க, கண்ணாடிக்கு மேல மாட்டிக்கறேன்" என்றார். செல்வி வெட்டிய விளிம்பு, பிறை மாதிரி ஒரு துண்டு, என் பீரோவில்தான் இருக்கிறது. எடுத்து வருகிறேன் என்று பாதி எழுந்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்துகொண்டு, "இருக்கு மூர்த்தி. ஆனா தரமாட்டேன்" என்றேன். மூர்த்தி ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. "சரி, விடுங்க" என்று சீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

மாதம் ஒரு தடவை போய் நீட்டுகிறேன், அவர் வாங்குவதில்லை. இந்த மலர் அவர் கைக்கும் வரும். அந்தக் காசு தொப்பி சார் கொடுக்க வேண்டியது அல்ல, மூர்த்தி. ஞாயிற்றுக்கிழமை லுங்கியோடு வந்து, இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தாரே, உங்களுக்கு அடையாளம் தெரியாத ஒருவர், அவர் கொடுக்க வேண்டியது. முடி வெட்டியது நூறு, டை அடித்தது நூற்றைம்பது, ஆக இருநூற்றைம்பது ரூபாய் இன்னும் பாக்கி.